பறிக்கும்போது நல்ல காய், நாலாம் நாள் கறுப்பு

கோட்டையூரிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

"ஊருக்கு வெளியே மாமனார் காலத்தில் வைத்த மாந்தோப்பு இருக்கிறது. பங்கனபள்ளி, கிளிமூக்கு, நீலம், இரண்டு மல்கோவா. காய்ப்புக்குக் குறை இல்லை. பறிக்கும்போது காயில் ஒரு குற்றமும் தெரிவதில்லை. வீட்டில் இரண்டாம் கட்டு அறையில் வைக்கோல் பரப்பி வைத்தால் நாலாம் நாள் பாதிக்குப் பாதி கறுத்துவிடுகிறது. சிலது காம்புப் பக்கம் கொழகொழவென்று ஆகிறது. சிலதில் மேலெல்லாம் கரும்புள்ளி. சிலதைத் தொட்டால் கரித்தூள் மாதிரி கையில் ஒட்டுகிறது. சென்னையில் மகன் வீட்டுக்கு அனுப்பிய பெட்டியைத் திறந்ததும் ஒரே வாடை என்று மருமகள் போனில் சொன்னாள். மருந்துக் கடையில் ஒரு பொடியைக் கொடுத்து, கரைத்துப் பழத்தை முக்கி எடுங்கள் என்கிறார்கள். முக்கலாமா? வைக்கோல்தான் காரணமா? அழுகிய இடத்தை வெட்டிவிட்டு மீதியைச் சாப்பிடலாமா? மரம் கிழடாகிவிட்டது, வெட்டிப் போட்டுவிட்டுப் புதுக்கன்று வைக்கலாம் என்கிறார் குத்தகைக்காரர். அதுவும் சரியா?"

ஆச்சிக்கு வணக்கம்.

முதலில் அந்தப் பொடியை ஓரமாக எடுத்து வையுங்கள். முக்க வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் பழத்தில் என்ன அழுகல் என்று தெரிய வேண்டும். நீங்கள் ஒரு நோய் என்று நினைத்து எழுதியிருப்பது மூன்று நோய். கடிதத்தில் நீங்களே மூன்றையும் தனித்தனியாக, அழகாகச் சொல்லியும் இருக்கிறீர்கள்.

நீலம் இன்னும் கொஞ்சம் மரத்தில் இருக்கும். அடுத்த முறை பறித்துப் பழுக்கப் போட்டதில் கெட்டுப்போனவற்றைத் தூக்கி எறிவதற்கு முன், முற்றத்தில் வெளிச்சத்தில் பழைய செய்தித்தாள் விரித்து வரிசையாக வையுங்கள். அழுகல் எந்த இடத்தில் தொடங்கியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். காம்படியிலா, தோலில் பரவலாகவா, அடிபட்ட இடத்திலா. எது முற்றிப்போனது, எது பெரிய பழம் என்பதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். முழுக்க அழுகியதில் ஒன்றும் தெரியாது, அதை ஒதுக்கிவிடுங்கள். மீதியை மூன்று கூறாகப் பிரித்து எண்ணிப் பாருங்கள். எந்தக் கூறு பெரியதோ அதுதான் உங்கள் தோப்பின் நோய். மற்ற இரண்டும் கூட வந்தவை.

தோலில் பரவலாகக் கரும்புள்ளி வருவது ஆந்த்ராக்னோஸ். கொலெட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சாணத்தின் வேலை. கடுகளவு புள்ளியாகத் தொடங்கி, கொஞ்சம் பள்ளம் விழுந்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்து திட்டாகும். சில பழத்தில் காம்பிலிருந்து மூக்குவரை மை வடிந்தது போல நெடுக்காகக் கறுப்புக் கோடு இறங்கும். மேலே காய்ந்த குச்சியிலோ பூங்கொத்திலோ இருந்த பூஞ்சாண வித்துகள் மழைத்தண்ணீரிலும் பனித்தண்ணீரிலும் காயின்மீது வழிந்து வந்த தடம் அது. ஈரமான அறையில் இரண்டு நாள் விட்டால் புள்ளியின் நடுவில் ரோஸ் கலந்த காவி நிறத்தில் பிசுபிசுப்பாக ஏதோ தெரியும். அது வித்துக் கூட்டம். பார்த்தால் வேறு சந்தேகமே வேண்டாம்.

இந்த நோயில் எல்லாரையும் ஏமாற்றுவது அதன் காலக்கணக்கு. ஆனியில் நீங்கள் பார்க்கும் கரும்புள்ளி, தையில் பூத்தபோதும் மாசியில் பிஞ்சு விட்டபோதும் உள்ளே போனது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, அந்தப் பனி விடியற்காலையில் பூங்கொத்தை மணிக்கணக்கில் நனைத்து வைக்கிறது. அந்த ஈரம் போதும் வித்து முளைக்க. பூவில் விழுந்தால் பூ கருகி உதிரும். பிஞ்சில் விழுந்தால் தோலில் ஒட்டிக்கொண்டு, மேல் தோலை மெல்லத் துளைத்து உள்ளே ஒரு முளையை விட்டுவிட்டு அப்படியே நின்றுவிடும். பச்சைக் காயின் தோலில் பூஞ்சாணத்தை வளரவிடாத பொருள்கள் இயற்கையாகவே இருக்கின்றன. அவை இருக்கும்வரை அதனால் நகர முடியாது. காய் பழுக்கத் தொடங்கியதும் அந்தப் பொருள்கள் குறைகின்றன, சர்க்கரை ஏறுகிறது, தோல் இளகுகிறது. அப்போது எழுந்துகொள்கிறது. அதனால்தான் பறிக்கும்போது குற்றம் தெரியவில்லை என்று எழுதினீர்கள். தெரியாதுதான். என்னைப் போன்றவர்கள் கண்ணுக்கும் தெரியாது.

இதிலிருந்து உங்கள் வைக்கோல் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. கரும்புள்ளிக்கு வைக்கோல் காரணம் இல்லை. பழுக்கப் போட்ட இடத்தில் ஒரு பழத்திலிருந்து இன்னொரு பழத்துக்கு இந்த நோய் பெரும்பாலும் தாவுவதும் இல்லை. ஒவ்வொரு பழமும் தன் நோயை மரத்திலிருந்தே கொண்டுவருகிறது.

இரண்டாவது, காம்பு அழுகல். காம்பைச் சுற்றி ஒரு கரும்பழுப்பு வளையம் தெரியும். காலையில் பார்த்தால் ஒரு ரூபாய்க் காசு அளவு இருப்பது மறுநாள் பழத்தின் தோள்வரை இறங்கியிருக்கும். அதற்கடுத்த நாள் பழம் முழுவதும் போய்விடும். விரல் வைத்தால் தோல் வழுக்கிக்கொண்டு நழுவும், உள்ளே சதை பழுப்பாகி நீர் விட்டிருக்கும், புளித்த வாடை அடிக்கும். மருமகள் பெட்டியைத் திறந்தபோது வந்தது இதுவாகத்தான் இருக்கும். இதைச் செய்வதில் முக்கியமானது லேசியோடிப்ளோடியா. பழைய புத்தகங்களில் போட்ரியோடிப்ளோடியா என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

இந்தப் பூஞ்சாணம் மரத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. கிளையின் உட்பகுதியில் ஒரு தொந்தரவும் செய்யாமல் இருந்துவிட்டு, பூங்கொத்துத் தண்டு வழியாக மெல்ல ஏறிக் காம்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மரம் தண்ணீர் இல்லாமல் வாடும்போது, வயதாகி உள்கிளைகள் பட்டுப்போகும்போது இதற்குக் கொண்டாட்டம். கிளை நுனி காய்ந்துகொண்டே வருவது, பட்டை வெடித்துப் பிசின் வடிவது, இரண்டும் இதே பூஞ்சாணத்தின் வேலையாக இருக்கலாம். நம்முடைய செம்புறாங்கல் பூமியில் கோடையில் தண்ணீர் நிற்காது, வேர் ஆழமாகப் போகவும் பாறை விடாது. ஐம்பது வருஷ மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். உள்ளே எத்தனை காய்ந்த குச்சி தொங்குகிறது? அத்தனையும் அடுத்த வருஷப் பழத்துக்கான வித்துக் களஞ்சியம்.

மூன்றாவது, கரித்தூள் ஒட்டுவது. ஆஸ்பர்ஜில்லஸ் நைகர். வெங்காயத்தை உரிக்கும்போது தோலுக்கடியில் கறுப்பாகப் பொடி இருக்குமே, அதே பூஞ்சாணம்தான். மண்ணில், காற்றில், பழைய வைக்கோலில், சாக்கில் எங்கும் இருக்கிறது. ஆனால் முழுத் தோலைத் துளைத்து உள்ளே போகும் திறமை பெரிதாக இல்லை. கீறல் வேண்டும், அடி வேண்டும், அல்லது காம்பு பிய்ந்த குழி வேண்டும். முதலில் அந்த இடம் வெளிறி மெத்தென்று ஆகும், பிறகு பழுப்பாகும், பிறகு மேலே கறுப்புத் தூள் கிளம்பும். வெயில் காலத்து வெப்பம் இதற்கு ரொம்பப் பிடிக்கும். இந்தக் கூறு பெரியதாக இருந்தால் மரத்தில் தேடாதீர்கள், பறிக்கிற ஆளைப் பாருங்கள்.

பூஞ்சாணம் அல்லாத இரண்டையும் சொல்லிவிடுகிறேன், குழப்பிக்கொள்ளக் கூடாது. ஊசி குத்தியது போலத் துளை, அதைச் சுற்றி மெத்தென்று, வெட்டினால் வெள்ளைப் புழு துள்ளுகிறது என்றால் அது பழ ஈ. அதற்கு மெத்தில் யூஜினால் என்ற, ஈயைக் கவர்ந்திழுக்கும் மருந்து வைத்த பொறி கட்ட வேண்டும், பூஞ்சாண மருந்து எத்தனை அடித்தாலும் பிரயோஜனம் இல்லை. தோலில் கரி பூசியது போல இருந்து ஈரத்துணியால் துடைத்தால் போய்விடுகிறது என்றால், அது தத்துப்பூச்சி விட்ட தேன் கழிவின்மேல் படர்ந்த கரும்பூசணம். பழத்துக்குள் போகாது. துடைத்துவிட்டுச் சாப்பிடலாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கையில் இருக்கும் நீலத்திலிருந்து தொடங்கலாம்.

பறிப்பு நாளில்தான் பாதிப் பழம் கெடுகிறது என்பது என் எண்ணம். குத்தகைக்காரர் ஆட்கள் கிளையை உலுக்குவதையும், தொரட்டியால் இழுத்துக் கீழே சாக்கில் விழவைப்பதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். விழுந்த காய்க்கு வெளியே காயம் தெரியாது, உள்ளே சதை நசுங்கியிருக்கும். காம்பும் அடியோடு பிய்ந்திருக்கும். காம்புக் குழி திறந்த கதவு. அதன் வழியாகப் பீய்ச்சி வரும் பால் தோலில் பட்ட இடம் வெந்து கறுக்கும். பலர் அந்தக் கறுப்பையும் நோய் என்று நினைக்கிறார்கள். அது அமிலமும் எண்ணெயும் சேர்ந்த பாலின் சூடு. ஆனால் வெந்த தோல் பூசணத்துக்கு வழிவிடும் என்பதும் உண்மை.

அதனால் வலை கட்டிய தொரட்டி, அதில் ஒரு கத்தி. காம்பை நாலு விரல் நீளம் விட்டு வெட்ட வேண்டும். நீளக் காம்போடு வெட்டினால் பால் பீய்ச்சாது. நிழலில் கொண்டுவந்து, ஒரு சென்டிமீட்டர் காம்பை மட்டும் விட்டு நறுக்கி, உடனே காய்களைக் காம்பு கீழே பார்க்கக் கவிழ்த்து வைக்க வேண்டும். வெறும் மண்ணில் வைக்கக் கூடாது. ஒரு மூங்கில் தட்டியோ, பழைய கயிற்றுக் கட்டிலோ போதும், பால் இடுக்கு வழியாகச் சொட்டிப் போய்விடும். இரண்டு மணி நேரம் கழித்து நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சென்டிமீட்டர் காம்பு பழுத்துத் தானாக உதிரும்வரை இருக்கட்டும். பார்வைக்கு நன்றாக இல்லை என்று கிள்ளிவிடாதீர்கள். ஒன்றிரண்டு நாள் கூடுதலாகக் கிடைப்பது அந்தக் குட்டிக் காம்பால்தான்.

மழை பெய்த மறுநாள் பறிக்க வேண்டாம். சாயங்கால இடிமழை ஆடியிலும் உண்டு. இரண்டு மூன்று நாள் காயவிட்டு, காலைப் பனி உலர்ந்ததும் பறியுங்கள். முற்றாத காயைப் பறிப்பதும் தப்பு. அது பழுக்கவே நாளாகும், அந்த நாளெல்லாம் அழுகலுக்குக் கூடுதல் அவகாசம். காம்பைச் சுற்றித் தோள் இரண்டும் எழும்பி, காம்பு சற்றே குழிக்குள் இருப்பதுபோல் ஆனால் முற்றிய காய். சந்தேகமாக இருந்தால் வாளித் தண்ணீரில் போடுங்கள். முற்றியது மூழ்கும்.

அடுத்து, பொடிக்குப் பதிலாக நான் சொல்லப்போகும் மருந்து: வெந்நீர். வெறும் வெந்நீர்தான். 52 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஐந்திலிருந்து பத்து நிமிடம் பழத்தை அமிழ்த்தி வைத்தால், தோலுக்கடியில் காத்திருக்கும் ஆந்த்ராக்னோஸ் முளை செத்துப்போகும். பழத்தின் உள்ளே சூடு எட்டுவதற்கு முன் வெளியே எடுத்துவிடுகிறோம், அதனால் பழம் வேகாது. பெரிய ஏற்றுமதிக் கூடங்களிலும் வெந்நீர்த் தொட்டி உண்டு. அங்கே பழ ஈக்காக 48 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பது வேறு முறை, அதோடு இதைக் குழப்ப வேண்டாம்.

செட்டிநாட்டு வீட்டில் கல்யாணத்துக்கு எடுக்கும் அண்டா ஒன்று எங்காவது கவிழ்த்து வைத்திருப்பீர்கள். அதை இறக்குங்கள். பழத்தின் எடையைப் போல மூன்று நான்கு மடங்கு தண்ணீர் வேண்டும், குறைந்தால் பழம் போட்டதும் சூடு இறங்கிவிடும். கட்டாயம் ஒரு வெப்பமானி வேண்டும். கை வைத்துப் பார்த்து 50-க்கும் 55-க்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது. 50-க்குக் கீழே போனால் பூஞ்சாணம் சாகாது, 55-ஐத் தாண்டினால் தோல் வெந்து, பிறகு அந்த இடமே முதலில் அழுகும். வெப்பமானி கிடைக்கவில்லை என்றால் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே மேல். தண்ணீரை 54 வரை சூடாக்கி, தீயைக் குறைத்து, வெங்காயம் வரும் வலைப்பையில் பழங்களைப் போட்டு முழுக்க அமிழும்படி இறக்குங்கள். ஒரு கரண்டிக் காம்பால் தண்ணீரைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் மேலே ஒரு சூடு, அடியில் ஒரு சூடு. பக்கத்தில் ஒரு தவலையில் கொதிநீர் இருந்தால் சூடு இறங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். நேரம் முடிந்ததும் சாதாரண நல்ல தண்ணீரில் ஆறவைத்து, மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு பழுக்கப் போட்டால் செய்ததெல்லாம் வீண்.

பறித்த அன்றே அல்லது மறுநாளுக்குள் செய்தால்தான் பலன். புள்ளி வெளியே தெரிந்த பழத்துக்கு இது உதவாது. முதல் முறை ஏழெட்டுப் பழத்தை மட்டும் போட்டு, நான்கு நாள் பார்த்துவிட்டுப் பிறகு மொத்தத்தையும் செய்யுங்கள், ஒவ்வொரு ரகத்தின் தோலும் ஒவ்வொரு மாதிரி. காம்பு அழுகலுக்கு வெந்நீர் ஓரளவுதான் கைகொடுக்கும், அது ஆழத்தில் இருக்கிறது. அதற்கு மரத்தில்தான் வைத்தியம்.

இனி அந்தப் பொடி. பெயரை நீங்கள் எழுதவில்லை. அநேகமாகக் கார்பென்டாசிமாக இருக்கலாம். அது மரத்தில் தெளிக்கும் மருந்து. பறித்த பழத்தை முக்குவதற்கென்று லேபிளில் அச்சிட்டிருந்தாலொழிய எந்தப் பூஞ்சாணக் கொல்லியிலும் வீட்டுப் பழத்தை முக்கக் கூடாது. பேரப்பிள்ளைகள் மாம்பழத்தைத் தோலோடு கடித்துச் சப்புகிறவர்கள். பழைய கையேடுகளில் பெனோமில் கரைசலில் ஐந்து நிமிடம் என்று ஒரு வரி இருக்கும், அதை இன்னமும் சிலர் எடுத்துச் சொல்கிறார்கள். பெனோமிலை 2018-லேயே இந்தியாவில் தடை செய்தாகிவிட்டது. கால்சியம் கார்பைடும் அப்படித்தான், அதை வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி குற்றம். அழுகலைத் தடுக்க அது எதுவும் செய்வதில்லை என்பது தனி. குத்தகைக்காரரிடம் இதை வாய்விட்டே சொல்லிவிடுங்கள்.

வைக்கோலுக்கு வருகிறேன். கரும்புள்ளிக்கு அது பொறுப்பில்லை என்றேன். கரித்தூள் பூசணத்துக்குக் கொஞ்சம் பொறுப்பு உண்டு. போன வருஷத்து வைக்கோல், மாட்டுக் கொட்டிலில் நனைந்து காய்ந்த வைக்கோல் என்றால் அதில் பூசண வித்து மண்டிக்கிடக்கும். புது வைக்கோலை ஒரு நாள் முழு வெயிலில் காயவைத்துப் போடுங்கள். அப்புறம் உங்கள் ஆத்தங்குடித் தரை. குளிர்ச்சியாக இருக்கிறது என்று நேராகத் தரைமேல் பரப்பினால், பழம் விடும் ஆவி அடியில் தங்கி வேர்த்துப்போகும். தரைக்கும் வைக்கோலுக்கும் நடுவில் ஒரு தட்டி போடுங்கள், காற்று அடியில் போகட்டும். பழம் ஒரே அடுக்கு, ஒன்றோடு ஒன்று இடிக்காமல். மேலே மூட வேண்டுமானால் மெல்லிய பருத்தித் துணி போதும். சாக்கைப் போட்டு மூடி, ஜன்னலைச் சாத்திவிட்டுப் போவது அழுகலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. தினம் ஒரு முறை புரட்டிப் பார்த்து, காம்படியில் வளையம் கண்டதை அப்போதே எடுத்துவிடுங்கள்.

சென்னைக்கு அனுப்புவதைப் பழுத்த பின் அனுப்பாதீர்கள். வெந்நீர் காட்டி, காய்ந்து, இன்னும் கெட்டியாக இருக்கும்போதே அனுப்பினால் அங்கே போய்ப் பழுக்கும். அட்டைப்பெட்டி என்றால் பக்கத்துக்கு நாலு ஓட்டை போடுங்கள். ஓலைக் கொட்டான் பெரிதாக இருந்தால் அதைவிட நல்லது. மருமகளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள், பழுக்காத காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். 13 டிகிரிக்குக் கீழே மாங்காய் குளிரில் அடிபடும். தோல் சாம்பல் பூத்து, சரியாகப் பழுக்காமல், வெளியே எடுத்ததும் மளமளவென்று அழுகும். பழுத்த பின் வைக்கலாம்.

மரத்துக்கு வருவோம். நீலம் பறித்து முடிந்ததும், ஐப்பசி அடைமழைக்கு முன், ஆடி ஆவணியில் கவாத்து. காய்ந்த குச்சி ஒன்றுவிடாமல் வெட்ட வேண்டும், காய்ந்த இடத்துக்குக் கீழே மூன்று அங்குலம் பச்சைக் கட்டையையும் சேர்த்து. பழைய காய்ந்த பூங்கொத்துத் தண்டு, கறுத்துத் தொங்கும் வத்தல் பிஞ்சு எல்லாம் போக வேண்டும். நடுவில் வெயில் இறங்கும்படி இரண்டொரு உள்கிளையையும் எடுக்கலாம். வெட்டியதைத் தோப்பிலேயே குவித்து வைத்தால் வெட்டாததற்குச் சமம். வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள்.

வெட்டுவாயில் போர்டோ பசை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, தண்ணீர் பத்து லிட்டர். துத்தத்தைத் தனியாக, சுண்ணாம்பைத் தனியாக, பிளாஸ்டிக் வாளியிலோ மண்பானையிலோ கரைத்துப் பிறகு சேர்க்க வேண்டும். பித்தளை, இரும்பு கூடாது. சேர்த்ததில் ஒரு பளிச்சென்ற இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். ஏறாதவரை சரி. அன்று கரைத்ததை அன்றே பூசிவிட வேண்டும்.

தெளிப்பைப் பற்றி அளவாகவே சொல்கிறேன், காரணம் வீட்டுத் தோப்பில் கவாத்தும் பறிப்பும் சரியாக இருந்தால் தெளிப்பு பாதியாகக் குறையும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவை லிட்டருக்கு 5 கிராம் வீதம், அக்டோபரில் தொடங்கி 21 நாளுக்கு ஒரு முறை தெளிக்கச் சொல்கிறது. வீட்டுச் சாப்பாட்டுக்கு இருக்கும் மரம் என்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். மழை அதிகமான வருஷம், அல்லது கரும்புள்ளிக் கூறு மிகப் பெரியது என்றால் இரசாயனம் தேவைப்படலாம். பூங்கொத்து நீண்டு பூ விரிவதற்கு முன் ஒன்று, பிஞ்சு பட்டாணி அளவில் இருக்கும்போது ஒன்று, கோலிக்குண்டு அளவில் ஒன்று. மேங்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், அல்லது கார்பென்டாசிம் லிட்டருக்கு 1 கிராம். கார்பென்டாசிமையே திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சாணம் அதற்குப் பழகிவிடும், மாற்றி அடிக்க வேண்டும். இரசாயனத்தையும் சூடோமோனாஸையும் ஒரே டேங்கில் கலந்துவிடாதீர்கள். பூ முழுக்க விரிந்திருக்கும் வாரத்தில் எதையும் அடிக்க வேண்டாம். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பது ஈயும் சிறு பூச்சிகளும்தான், அவற்றைக் கொன்றுவிட்டுக் காய்ப்பைத் தேட முடியாது. கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே எத்தனை நாள் என்பது லேபிளில் இருக்கும். ஒரு மாதமாவது விடுங்கள் என்பேன். ஐம்பது வருஷ மரத்துக்குக் கைத்தெளிப்பான் எட்டாது, ராக்கர் தெளிப்பானோ பவர் ஸ்பிரேயரோ வாடகைக்கு எடுக்க வேண்டும். அடிமரத்தையும் கீழ்க்கிளையையும் நனைத்துவிட்டு மருந்து அடித்தாயிற்று என்று கணக்குச் சொல்வார்கள், நின்று பாருங்கள்.

கைக்கு எட்டும் கிளையில் இருக்கும் மல்கோவாவுக்குக் காகித உறை கட்டலாம். முட்டை அளவு வந்ததும் பழுப்புக் காகிதப் பையில் காயை விட்டு வாயைக் கட்டிவிட்டால் பனியும் படாது, பழ ஈயும் குத்தாது. தோலின் நிறமும் நன்றாக வரும். எல்லாக் காய்க்கும் முடியாது. பேரப்பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கும் மரத்துக்கு முடியும். பிஞ்சு பிடித்த பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை தண்ணீர் கொடுக்க முடிந்தால், காம்பு அழுகலுக்கு அதைவிடப் பெரிய மருந்து இல்லை.

வெட்டிவிட்டுச் சாப்பிடலாமா என்று கேட்டீர்கள். தோலளவில் நிற்கும் கரும்புள்ளி என்றால் தாராளமாகச் சுற்றி வெட்டிவிட்டு, சதை நிறமும் மணமும் மாறாமல் இருந்தால் சாப்பிடலாம். காம்பு அழுகல் கண்ட பழத்தில் பாதி நன்றாகத் தெரிந்தாலும் வாடை உள்ளே போயிருக்கும், விட்டுவிடுங்கள். கறுப்புத் தூள் கிளம்பிய பழம் வேண்டவே வேண்டாம். இந்தப் பூசண வகையில் சிலவற்றுக்கு நச்சு உண்டாக்கும் குணம் உண்டு, கொதிக்கவைத்தாலும் அந்த நச்சு முழுக்கப் போகாது. அதனால் வீணாகிறதே என்று ஜாம் கிண்டவும் வேண்டாம், மாட்டுக்குப் போடவும் வேண்டாம். இரண்டடிக் குழியில் போட்டு மண்ணை மூடிவிடுங்கள். காற்றில் விழுந்த பச்சைக் காயை அன்றே நறுக்கி உப்புப் போட்டு வற்றலுக்குக் காயவைக்கலாம், அதில் பயம் இல்லை. மறுநாள்வரை கிடந்தது வேண்டாம்.

மரத்தை வெட்டச் சொல்லும் குத்தகைக்காரர் கவாத்துச் செலவை நினைத்துச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். ஐம்பது வயது மாமரத்துக்குக் கிழடு இல்லை, நல்ல காய்ப்பு இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பட்டை சுற்றிலும் வெடித்துப் பிசின் வடிந்து, பாதிக் கிளை பட்டுப்போன மரம் ஏதாவது இருந்தால் அதை மட்டும் எடுக்கலாம். அடுத்த குத்தகை எழுதும்போது உலுக்கக் கூடாது, காம்போடு வெட்ட வேண்டும், கார்பைடு கூடாது, பறிப்பு முடிந்து கவாத்து செய்து கொடுக்க வேண்டும் என்று நான்கையும் காகிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.

மூன்று கூறாகப் பிரித்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் தூரம் போக வேண்டியதில்லை. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, செட்டிநாட்டிலேயே பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. முழுக்க அழுகிய பழத்தைக் கொண்டுபோகாதீர்கள், அதில் ஏற்கெனவே நாலைந்து பூசணம் ஏறி எது முதலில் வந்தது என்று அவர்களாலும் சொல்ல முடியாது. அழுகல் அப்போதுதான் தொடங்கிய பழம் மூன்று நான்கு, காம்போடு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி. கூடவே அதே மரத்தின் காய்ந்துகொண்டிருக்கும் குச்சி ஒன்று, பாதி பச்சையும் பாதி காய்ந்ததுமாக. பிளாஸ்டிக் பையில் வேண்டாம், போய்ச் சேருவதற்குள் வேர்த்துவிடும்.